ஒரு ரூபாய் டிக்கெட் யாருக்கு? 'சூரரைப் போற்று' பற்றி ஒரு தாமதமான விமர்சனம்

தீபாவளிக்கு மொரப்பூர் போயிருந்தப்போ டிவியில 'சூரரைப் போற்று' ஓடிட்டு இருந்தது. எத்தனையாவது தடவைன்னு தெரியலை. யாரும் சேனலை மாத்தலை. தனியார் பஸ்ல முப்பது வருஷம் கண்டக்டரா இருந்த எங்க சித்தப்பா மட்டும் படம் முடிஞ்சதும் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன்டா தம்பி, அந்த ஒத்த ரூவா டிக்கெட்டு இப்ப கெடைக்குதா?"

"இல்லீங்க சித்தப்பா."

"அப்ப அந்த ஆளு ஜெயிச்சுட்டான்னு எதுக்குடா காட்றாங்க?"

அன்னைக்குச் சிரிச்சுட்டு விட்டுட்டேன். ராத்திரி தூக்கம் வரலை. இந்தப் படத்தை நாலு தடவை பார்த்திருக்கிறேன், இரண்டு தடவை கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் படம் போடுகிற கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது சித்தப்பா கேட்ட பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

படத்தைப் பற்றித் தெரிந்ததைச் சுருக்கமாக. சுதா கொங்கரா இயக்கம், சூர்யா நடிப்பு, 2020 நவம்பரில் நேரடியாக அமேசான் பிரைமில் வந்தது. சிறந்த படம், சிறந்த நடிகர் உட்பட ஐந்து தேசிய விருதுகள். ஏர் டெக்கான் நிறுவனத்தைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் 'சிம்ப்ளி ஃப்ளை' என்ற சுயசரிதையைத் தழுவியது. நிஜ கோபிநாத் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டம் கோரூர்க்காரர், தரைப்படை ஆள். படத்தில் அவர் சோழவந்தான்காரர் ஆகிறார், விமானப்படைக்கு மாறுகிறார். இதிலெல்லாம் எனக்குக் குறை இல்லை. வாழ்க்கை வரலாற்றை அப்படியே எடுக்க அது டாக்குமெண்டரி இல்லை.

ஒரு சின்ன தொழில்நுட்ப முணுமுணுப்பை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் விமானத்துக்குச் சென்னையில் இறங்க அனுமதி கிடைக்காமல், எரிபொருள் தீர்ந்துகொண்டு வர, தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இறங்குகிற காட்சி. சீட் நுனியில் உட்கார வைக்கிற காட்சிதான். நிஜத்தில், போக வேண்டிய ஊர், அங்கே முடியாவிட்டால் மாற்று ஊர், அதற்கும் மேல் அரை மணி நேரம் வட்டமடிக்கத் தேவையானது, இவ்வளவு எரிபொருளும் போட்ட பிறகுதான் ஜெட் விமானம் கிளம்பவே வேண்டும். அந்தக் கடைசி அரை மணி நேர இருப்பில் கைவைக்க வேண்டி வந்தால் விமானி 'மேடே' சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் பிறகு தரையில் இருக்கிறவர் அனுமதி மறுக்கிற பேச்சே இல்லை, மற்ற விமானங்கள்தான் ஒதுங்க வேண்டும். சினிமாவுக்காக விட்டுவிடலாம். என் சண்டை இது இல்லை.

என் சண்டை டிக்கெட் விலையோடு.

படத்தின் உயிர் ஒரே ஒரு காட்சியில் இருக்கிறது. அப்பா சாகக் கிடக்கிறார் என்று தெரிந்து மாறா விமான நிலையத்துக்கு ஓடுகிறான். கையில் இருக்கிற பணம் டிக்கெட்டுக்குப் போதவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் கெஞ்சுகிறான், காலில் விழாத குறை. கடைசியில் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் காயத்திலிருந்துதான் "சாமானியனும் பறக்கணும்" என்கிற வெறி பிறக்கிறது. மீதிப் படம் முழுக்க அந்தக் காயத்துக்கு மருந்து தேடுகிற கதை. மருந்து, குறைந்த கட்டண விமானம்.

இந்த மருந்து அந்தக் காயத்துக்கானது இல்லை. இதுதான் நான் சொல்ல வருவது.

ஏன் என்று புரிய, விலை எப்படிக் குறைகிறது என்பதை முதலில் பார்க்கணும். படம் இதை ஒன்றிரண்டு இடங்களில் தொட்டுவிட்டு வில்லன் பக்கம் போய்விடுகிறது. பரேஷ் என்கிற முதலாளியும் லஞ்ச அதிகாரிகளும் வழிவிட்டால் விலை தானாகக் குறைந்துவிடும் என்கிற மாதிரி ஒரு எண்ணம் பார்க்கிறவர் மனதில் உட்கார்ந்துவிடுகிறது. உண்மையில் விலையைக் குறைக்கிறது நல்ல மனசு இல்லை, நடை. சித்தப்பாவுக்கு இதை விளக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை. பஸ் ஷெட்ல நின்னாலும் டியூ கட்டணும், ரோட்டுல ஓடினாலும் டியூ கட்டணும். நாளைக்கு ஆறு நடை போறவன் எட்டு நடை போனா அந்த ரெண்டு நடையிலதான் லாபம். விமானமும் அதேதான். விமானத்தின் வாடகை, காப்பீடு, மாதச் சம்பளங்கள் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம் (இது கணக்குக்காக நானே போட்ட எண்). 70 சீட். நாளைக்கு 4 தடவை பறந்தால் 280 சீட், ஒரு சீட்டின் தலையில் சுமார் 2,140 ரூபாய். 8 தடவை பறந்தால் 560 சீட், சுமார் 1,070 ரூபாய். எரிபொருள் தனி. ஒரே விமானம், ஒரே ஊர், பாதி விலை.

அதனால்தான் குறைந்த கட்டண நிறுவனங்கள் தரையில் நிற்கிற நேரத்தை அப்படி வெறுக்கின்றன. இறங்கி, ஆள் இறக்கி, கூட்டி, எண்ணெய் போட்டு, ஆள் ஏற்றி 25, 30 நிமிஷத்தில் மறுபடி ஓடுபாதைக்கு. சாப்பாடு கிடையாது என்பதில் மிச்சமாவது சாப்பாட்டுக் காசு மட்டும் இல்லை. தட்டு ஏற்றி இறக்குகிற நேரமும், சமையலறை பிடிக்கிற இடமும்தான். பிசினஸ் கிளாஸை எடுத்துவிட்டால் 150 பேர் சுற்றுவட்டாரத்தில் ஏற்றுகிற ஏ320 விமானத்தில் 180 பேர் உட்காரலாம். ஏஜெண்ட் கமிஷன் இல்லாமல் இணையத்திலும் போனிலும் நேரடி விற்பனை. ஏர் டெக்கான் பெட்ரோல் பங்கில்கூட டிக்கெட் விற்றது.

2003 ஆகஸ்டில் ஹூப்ளியிலிருந்து பெங்களூருக்குப் பறந்த அவர்களது முதல் விமானம் ஏ320 இல்லை, 48 சீட் ஏடிஆர் 42. விசிறி வைத்த விமானம். பலரும் விசிறி என்றால் பழசு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முன்னே போக, காற்றைப் பின்னே தள்ள வேண்டும். கொஞ்சம் காற்றை வெகு வேகமாகத் தள்ளலாம், நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளலாம். இரண்டாவதில் எரிபொருள் வீணாவது குறைவு. பெரிய விசிறி செய்வது அதைத்தான். வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரைச் சுற்றி நின்றுவிடும், அதுதான் விலை. ஆனால் சேலம் - சென்னை போல 280 கிலோமீட்டர் வானவழிக்கு 500ல் போனால் 34 நிமிஷம், 800ல் போனால் 21 நிமிஷம். அந்தப் பதின்மூன்று நிமிஷமும் காகிதத்தில்தான்; ஜெட் மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டியிருக்கும். போதாததற்கு 40 டன்னுக்குக் குறைவான விமானங்களுக்கு எரிபொருள் மேல் குறைந்த வரிதான், 80 சீட்டுக்குக் குறைந்தால் தரையிறங்கு கட்டணத்திலும் விலக்கு. சின்ன ஊருக்கு விமானம் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது பரேஷ் இல்லை, இந்த மாதிரி சுவாரஸ்யமே இல்லாத அரசாணைகள். சினிமாவில் வரி விகிதத்துக்கு என்ன முகத்தைக் கொடுப்பது என்பதும் ஒரு நியாயமான கேள்விதான்.

சரி, செலவு குறைந்துவிட்டது. ஆனால் செலவும் டிக்கெட் விலையும் ஒன்று இல்லை. இங்கேதான் என் தொழில் உள்ளே வருகிறது.

நான் விமான நிறுவனத்தில் வேலை பார்த்ததில்லை. ஹோட்டல் அறைகளுக்கு விலை போடுகிற ஒரு மென்பொருளில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே, அந்த அடிப்படை பிறந்ததும் விமானத்தில்தான். 1972ல் பிஓஏசி என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தில் இருந்த கென் லிட்டில்வுட் ஒரு விதி எழுதினார். கடைசியாக ஒரு சீட் இருக்கிறது. இப்போது ஒருவர் 2,000 ரூபாய்க்குக் கேட்கிறார். கிளம்புவதற்கு முதல் நாள் அவசரமாக ஒருவர் வந்து 8,000 தரலாம். வருவாரா, மாட்டாரா? அவர் வர 25 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால் 2,000க்கு விற்காதே, பிடித்து வை. அவ்வளவுதான். 8,000ல் கால்வாசி 2,000. ஏழாம் வகுப்புக் கணக்கு.

இந்த ஒரு வரிதான் இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுகிறது. ஒரே விமானத்தின் சீட்டுகளைப் பத்துப் பன்னிரண்டு விலைப்பெட்டிகளாகப் பிரித்து, எந்தப் பெட்டியை எப்போது மூடுவது என்று மென்பொருள் முடிவு செய்கிறது. மூன்று மாதம் முன்னால் போடுகிறவர் விலை பார்த்து யோசிக்கிறவர், அவருக்குக் குறைந்த விலை. நாளைக்கே போக வேண்டும் என்கிறவர் என்ன விலை சொன்னாலும் வாங்குவார், அவருக்குக் கூடிய விலை. அந்த இரண்டாவது ஆள் கம்பெனிச் செலவில் மீட்டிங் போகிற மேனேஜர் என்பது கணக்குப் போட்டவர்களின் அனுமானம். பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் புரோகிராமுக்கு அவர் ஏன் அவசரப்படுகிறார் என்று தெரியாது. அதற்கு ஒரு காலமே கிடையாது. மீட்டிங்குக்குப் போகிறவரும் அப்பா சாகக் கிடக்கிறவரும் எங்கள் டேட்டாபேஸில் ஒரே மாதிரிதான் இருந்தார்கள்: புறப்பட ஒரு நாள், விலை பொருட்டில்லை.

மாறா நின்ற இடம் அதுதான்.

ஏர் டெக்கானின் ஒரு ரூபாய் டிக்கெட்டும் இப்படித்தான். அது பொய் இல்லை. வரி நீங்கலாக நிஜமாகவே ஒரு ரூபாய்க்கு விற்றார்கள். ஒவ்வொரு விமானத்திலும் சில சீட்டுகள், முந்திக்கொள்கிறவர்களுக்கு. சீட் குறையக் குறைய விலை ஏறும். சாவு மூன்று மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டு வருவதில்லை. படம் எந்த ஆளுக்காக அழுகிறதோ, அந்த ஆளிடம்தான் படம் கொண்டாடுகிற தொழில்முறை அதிகமாக வாங்குகிறது. சோழவந்தான் சனங்கள் முதல்முறையாக விமானம் ஏறி வருவது நெஞ்சைத் தொடுகிறது. அவர்கள் நாள் குறித்துப் போகிறவர்கள். முதல் பாதியில் காலில் விழப்போனவன் அந்த விமானத்தில் இல்லை.

எல்லோருக்கும் ஒரே குறைந்த விலை என்று ஒருவர் நடத்தவே முடியாதா? நடத்தினார்கள். 1981ல் அமெரிக்காவில் பீப்பிள் எக்ஸ்பிரஸ். எப்போது வாங்கினாலும் கிட்டத்தட்ட அதே மலிவு விலை, கூட்டம் அள்ளியது. 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் விலை மென்பொருளை வைத்து ஒரு திட்டம் கொண்டுவந்தது: முன்கூட்டியே வாங்குகிறவருக்குப் பீப்பிள் எக்ஸ்பிரஸ் விலை, கடைசி நேரத்தில் வருகிறவருக்குப் பழைய முழு விலை. பீப்பிள் எக்ஸ்பிரஸிடம் அந்த மாதிரி மென்பொருள் இல்லை. மலிவு தேடுகிறவர்கள் பலர் அந்தப் பக்கம் போனார்கள். 1987 பிப்ரவரியில் அது கான்டினென்டலோடு கரைந்து காணாமல் போனது. மாறா நிஜமாகவே விரும்பிய விமானம் அது. அதைக் கொன்றது லஞ்சம் வாங்கிய அதிகாரி இல்லை, ஒரு கம்ப்யூட்டர். இந்த வில்லனை யாராவது படம் எடுத்தால் முதல் நாள் முதல் காட்சி நான் போவேன்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், அதில் நிறைய நியாயம் இருக்கிறது. கடைசி நேரக்காரர் தருகிற 8,000தான் முன்கூட்டி வாங்கினவரின் 2,000ஐத் தாங்குகிறது. இரண்டு பேரிடமும் 4,000 கேட்டால் முதல் ஆள் ரயிலில் போய்விடுவார், பாதி சீட் காலி, விமானமே நின்றுவிடும். விலை ஏறுவதால்தான் கடைசி நேரத்திலும் ஒரு சீட்டாவது மிச்சம் இருக்கிறது. இல்லாவிட்டால் எப்போதோ விற்றுத் தீர்ந்திருக்கும். இதை நானே மீட்டிங்கில் பேசியிருக்கிறேன்.

அப்புறம் 2014 வந்தது. டெல்லியில் ஒரு வேலையாக இருந்தேன். காலை ஐந்து மணிக்கு அம்மா போன். அப்பாவுக்குப் பக்கவாதம், தருமபுரியில் சேர்த்திருக்கிறார்கள். பெங்களூர் டிக்கெட் 17,000 சொச்சம். முந்தின மாசம் அதே வழியில் 4,200க்குப் போயிருந்தேன். திரையைப் பார்த்ததும் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. எந்தப் பெட்டி மூடியிருக்கிறது, ஏன் மூடியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் புதுப்பித்துப் பார்த்த மூன்றாவது தடவை இன்னும் அறுநூறு ஏறியிருந்தது. கிரெடிட் கார்டு இருந்தது, வாங்கினேன். பெங்களூரில் இறங்கி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக நாலு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். அப்பா அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தார். எனக்கும் மாறாவுக்கும் வித்தியாசம் அந்தக் கார்டு மட்டும்தான், விமானத் தொழிலில் வந்த புரட்சி இல்லை.

இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. டெல்டா, ஏர் கனடா போன்ற நிறுவனங்கள் துக்கத்துக்குப் போகிறவர்களுக்கென்று தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. அதிலும் ஒரு கூத்து. ஏர் கனடாவின் சாட்பாட், முதலில் முழு விலையில் வாங்கிவிட்டுப் பிறகு துக்கச் சலுகை கேட்கலாம் என்று பாட்டியை இழந்த ஒருவரிடம் தப்பாகச் சொல்லிவிட்டது. நிறுவனம் பணம் தர மறுத்தது. 2024 பிப்ரவரியில் அங்குள்ள தீர்ப்பாயம் தரச் சொன்னது. இங்கே அரசு நேரடியாக விலையில் கைவைத்த காலமும் உண்டு: கொரோனாவுக்குப் பிறகு 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை உள்நாட்டு டிக்கெட்டுக்கு மேல் வரம்பும் கீழ் வரம்பும் இருந்தன. 'சூரரைப் போற்று' வெளியானது சரியாக அந்தக் காலத்தில்தான் என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

எங்கள் ஊருக்குப் பக்கத்து விமான நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிற சேலம் விமான நிலையம். மாறாவின் கனவைப் பரிசோதித்த இடம் என்று அதைத்தான் சொல்வேன். 1993ல் திறந்தார்கள், என்இபிசி கொஞ்ச நாள் பறந்தது, நின்றது. 2009ல் கிங்ஃபிஷர் வந்தது, அதுவும் நின்றது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் ஏடிஆர் 72 விமானத்தோடு வந்தது. உடான் கொஞ்சம் வேறு மாதிரி. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று ஆரம்பித்த உச்சவரம்பு, கிட்டத்தட்ட பாதி சீட்டுகளுக்கு. நஷ்டத்தை மூன்று வருஷம் அரசு ஈடு செய்யும். அந்தப் பணத்தில் பெரும்பகுதி பெரிய வழித்தட விமானங்கள் மேல் போட்ட தீர்வையிலிருந்து வருகிறது. அதாவது டெல்லி - மும்பை போகிறவர் சேலத்துக்காரருக்குக் கொஞ்சம் தருகிறார். மாறா கேட்டதற்கு நெருக்கமாக இந்த நாட்டில் ஏதாவது நடந்திருந்தால் அது இந்தப் பாதி சீட்டுகள்தான். 2021ல் அந்தச் சேவையும் நின்றது, மறு வருஷம் அந்தக் கம்பெனியே பறப்பதை நிறுத்தியது. 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானம் வந்தது.

மொரப்பூர்க்காரனுக்கு இது புதுசு இல்லை. எங்கள் ஊரிலிருந்து தருமபுரிக்கு 1906ல் ஒரு சின்ன ரயில் ஓடியது, பிறகு ஓசூர் வரை நீட்டினார்கள், 1941ல் மூடித் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். மறுபடி போட 2019ல் அடிக்கல் நாட்டினார்கள். சின்ன ஊருக்கு வண்டி விடுவது யாருக்கோ பிடித்துப்போய் நடப்பதில்லை, யார் நஷ்டத்தைத் தாங்குவது என்று முடிவானால்தான் நடக்கிறது.

படம் வெற்றியில் முடிகிறது. நிஜத்தில் 2007ல் ஏர் டெக்கானின் 26 சதவீதப் பங்கை 550 கோடிக்கு விஜய் மல்லையாவின் குழுமம் வாங்கியது, அடுத்த வருஷம் அது கிங்ஃபிஷருக்குள் கலந்தது, 2012ல் கிங்ஃபிஷரே தரையில் உட்கார்ந்தது. அதைக் காட்டாததைக்கூட மன்னிப்பேன். நடை கணக்கை ஏர் டெக்கானைவிடக் கறாராகப் போட்ட இண்டிகோ 2006ல் கிளம்பி இன்று நாட்டிலேயே பெரிய நிறுவனமாக இருக்கிறது, ஆகவே கோபிநாத் திறந்த கதவு நிஜமான கதவுதான். இன்று மொரப்பூரிலிருந்து பறக்கிற பத்துப் பேரையாவது எனக்குத் தெரியும். மன்னிக்க முடியாதது, அந்த விமான நிலையக் காட்சிக்கு அவ்வளவு கண்ணீர் வாங்கிவிட்டு அந்தக் கடனைத் திருப்பித் தராமல் விட்டது.

மறுநாள் காலையில் சித்தப்பாவிடம் இதையெல்லாம் என் பாஷையில் சொன்னேன். போனில் சேலம் - சென்னை விலையையும் காட்டினேன். நாளைக்குப் போக ஒரு விலை, மூன்று மாசம் கழித்துப் போக ஒரு விலை. முதலாவது கிட்டத்தட்ட மூணு மடங்கு.

"நம்ம பஸ்ல எழவு சேதின்னு ஏறினா சில்லறை கொறஞ்சாலும் ஏத்திக்குவோம்டா. நாளைக்குக் குடுப்பாங்க, இல்லைன்னா போகட்டும்."

"கம்ப்யூட்டருக்கு எழவு தெரியாதுங்க சித்தப்பா."

கண்ணாடியை மாட்டிக்கிட்டு இரண்டாவது விலையை மறுபடி பார்த்தார். "தை மாசம்னா இந்த ரேட்டா?" என்றார். "அப்ப ரெண்டு டிக்கெட் போடு. உங்க சித்தி மெட்ராஸே பாத்ததில்ல. சன்னலோரமா கேளு."

சன்னலோர சீட்டுக்குத் தனிக் காசு என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.